கிண்டில் வாங்கவா, டிஜிட்டல் நோட் வாங்கவா?

கடைப் படத்தில் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். கறுப்பு வெள்ளைத் திரை, ஒல்லியான உடம்பு, காகிதம் மாதிரியே இருக்கும் என்கிற விளம்பரம். ஒன்று அமேசானின் கிண்டில் போன்ற இ-ரீடர், அதில் வாசிக்க மட்டும் முடியும். இன்னொன்று டிஜிட்டல் நோட், அதில் பேனாவால் எழுதவும் முடியும். ஏழு அங்குலக் கிண்டில் பேப்பர்வைட் 17,000 ரூபாயை ஒட்டி வருகிறது. பத்து அங்குல டிஜிட்டல் நோட்டில் நல்லதாகப் பார்த்தால் 40,000 ரூபாயைத் தாண்டிவிடும். இன்னும் கொஞ்சம் பணம் போட்டால் வாசிப்பு, எழுத்து இரண்டும் ஒன்றிலேயே ஆகிவிடுமே என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். நாகர்கோவில் பக்கத்தில் என்னிடம் இதைக் கேட்கிறவர்கள் அநேகமாகப் பெரியதை வாங்கலாம் என்று மனதுக்குள் முடிவு செய்துவிட்டு, நான் தலையாட்டுவதற்காகத்தான் கேட்கிறார்கள்.

நான் பதிலுக்கு ஒன்று கேட்பேன். நீங்கள் வாசிக்கப்போகிற தமிழ் எழுத்தாக இருக்கிறதா, படமாக இருக்கிறதா?

எழுத்தாக இருப்பது என்றால், அளவைப் பெரிதாக்கும்போது வரிகள் தாமாக மடங்கி அடுத்த வரிக்குப் போகிற கோப்பு. கிண்டில் கடையில் வாங்கும் புத்தகமும் இ-பப் கோப்பும் இந்த வகை. படமாக இருப்பது, அச்சுப் பக்கத்தை அப்படியே ஸ்கேன் செய்து வைத்த பி.டி.எஃப். ஆங்கிலம் மட்டும் வாசிக்கிறவர் இதைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. அவருக்கு வேண்டியது பெரும்பாலும் எழுத்தாகவே கிடைத்துவிடும். நமக்கு அப்படி இல்லை. போன வருஷம் வந்த நாவல் எழுத்தாகக் கிடைக்கும். ஐம்பதுகளில் அச்சான இலக்கண நூல் படமாகத்தான் கிடைக்கும். எதை வாங்குவது என்பதில் முக்கால்வாசி இந்த இடத்திலேயே தீர்ந்துவிடும்.

திரையை வைத்து இரண்டில் ஒன்றை உயர்த்திச் சொல்ல வழியில்லை. இரண்டிலும் இருப்பது ஒரே நுட்பம்தான். அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஊடக ஆய்வகத்திலிருந்து 1997-இல் கிளம்பிய இ-இங்க் நிறுவனத்தின் மின்தாள் அது. தலைமுடிப் பருமனே உள்ள குமிழ்களுக்குள் வெள்ளைத் துகளும் கறுப்புத் துகளும் எதிரெதிர் மின்னேற்றத்தோடு மிதக்கின்றன. மின்புலத்தை மாற்றினால் ஒன்று மேலே வரும், மற்றது கீழே இறங்கும். மேலே வந்த துகள் அப்புறம் மின்சாரம் இல்லாமலே அங்கே நிற்கும். எழுத்தைக் காட்டுவதற்குப் பக்கம் திருப்பும்போது மட்டும் பேட்டரி செலவாவது அதனால்தான். வெளிச்சம் பின்னாலிருந்து கண்ணில் அடிக்காமல் தாள்போல எதிரொளிப்பதால், முட்டம் கடற்கரையில் நட்டநடு மத்தியானத்தில் உட்கார்ந்தாலும் எழுத்து தெளிவாகத் தெரியும். 2004-இல் சோனி ஜப்பானில் விற்றதும், 2007-இல் வந்த முதல் கிண்டிலும், இன்றைக்கு வரும் டிஜிட்டல் நோட்டுகளும் இந்த ஒரே வழியில் வந்தவைதான்.

முதலில் எழுத்தாகக் கிடைக்கும் தமிழைப் பார்ப்போம். கிண்டில் கடையில் தமிழ்ப் புத்தகங்கள் 2016 டிசம்பரில் வரத் தொடங்கின. அதற்கு வெகு முன்பே, 1998 பொங்கலன்று, தன்னார்வலர்கள் சேர்ந்து மதுரைத் திட்டத்தை ஆரம்பித்து, சங்க இலக்கியத்திலிருந்து இருபதாம் நூற்றாண்டு உரைநடை வரை தட்டச்சு செய்து இலவசமாகக் கொடுத்துவருகிறார்கள். ஃப்ரீதமிழ்இபுக்ஸ் தளத்தில் இ-பப்பும் உண்டு, ஆறு அங்குலத் திரைக்கென்றே வடிவமைத்த பி.டி.எஃப்பும் உண்டு. 2022-இலிருந்து இ-பப் கோப்பை மின்னஞ்சலில் அனுப்பினாலே கிண்டில் ஏற்றுக்கொள்கிறது. உங்கள் வாசிப்பு இந்த வட்டத்துக்குள் அடங்கும் என்றால் மேற்கொண்டு யோசிக்க ஒன்றுமில்லை, இ-ரீடர் வாங்குங்கள். பத்து அங்குலத் திரையால் இந்தப் புத்தகங்களுக்குக் கூடுதலாக ஒரு நன்மையும் கிடையாது. கை வலிக்கும், அவ்வளவுதான்.

ஆறு அங்குலமா, ஏழு அங்குலமா என்று கேட்டால் தமிழுக்கு ஏழு என்பேன். ஆங்கில விமர்சகர்கள் ஆறே தாராளம் என்று எழுதுவார்கள். அவர்கள் சொற்கள் குட்டையானவை. ‘எழுதிக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்’ என்று ஒரு சொல் வந்தால், ஐம்பது வயதுக் கண்ணுக்கு ஏற்றபடி எழுத்தைப் பெரிதாக்கிய ஆறு அங்குலத் திரையில் அந்தச் சொல் ஒரு வரியையே அடைத்துக்கொள்ளும். அதற்கு முந்தைய வரியில் மூன்று சொல்தான் இருக்கும். அந்த மூன்றையும் இரண்டு ஓரமும் சமமாக வரவேண்டும் என்று கருவி இழுத்துப் பரப்பும்போது, நடுவில் ஆள் நடந்துபோகலாம் போல இடைவெளி விழும். இதற்கு ஒரு சின்ன வைத்தியம் இருக்கிறது. அமைப்பில் போய் இடது ஓரச் சீர்மையைத் தேர்ந்தெடுத்துவிட்டால் வலது ஓரம் மேடுபள்ளமாக இருக்கும், ஆனால் சொற்களுக்கு நடுவே பள்ளம் விழாது. கூடவே பிடித்த தமிழ் எழுத்துரு ஒன்றைக் கணினியிலிருந்து கிண்டிலின் எழுத்துருக் கோப்புறைக்குள் போட்டுக்கொள்ளலாம். 2018-இலிருந்து இந்த வசதி உண்டு. ஏனோ பலரும் கருவியோடு வந்த எழுத்திலேயே காலம் தள்ளுகிறார்கள்.

வேறு ஏதாவது கம்பெனியின் இ-ரீடரை யாராவது மலிவாகக் கொடுக்கிறேன் என்றால், வாங்குவதற்கு முன்னால் ‘கொ’, ‘கோ’, ‘கௌ’, ‘ஸ்ரீ’ நான்கும் வருகிற ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள். தமிழை ஒழுங்காகக் கோக்கத் தெரியாத கருவியில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், துணைக்கால் தனியே ஒரு வட்டத்தோடு தொங்கும். அப்படித் தெரிந்தால் சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

இனி படமாக இருக்கும் தமிழ். வாங்குகிறவர்கள் பெரும்பாலும் எண்ணிப் பார்க்காத பக்கம் இது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் அரிய நூல்கள் குவிந்து கிடக்கின்றன. எல்லாம் இலவசம், ஆனால் பெரும்பாலும் ஸ்கேன். நம் ஊரில் புழக்கத்தில் உள்ள டெமி அளவுப் புத்தகத்தை எடுத்துக்கொள்வோம். பக்கம் ஏறக்குறைய 14 செ.மீ. அகலம், 21.5 செ.மீ. உயரம். ஏழு அங்குலத் திரையின் உயரமோ 14 செ.மீ.தான். முழுப் பக்கத்தையும் அதற்குள் அடக்கினால் மூன்றில் இரண்டு பங்காகச் சுருங்கும். 11 பாயிண்ட் எழுத்து ஏழேகால் பாயிண்டுக்கு வந்துவிடும்.

அந்த அளவில் முதலில் காணாமல் போவது மெய்யெழுத்தின் புள்ளிதான். ஈய அச்சில் அடித்து, மங்கி, அப்புறம் ஸ்கேனரில் கிடந்து வந்த பக்கத்தில் புள்ளி ஏற்கெனவே பாதி செத்திருக்கும். சுருக்கினால் ‘ன்’ எல்லாம் ‘ன’ ஆகிவிடும். ‘கு’வும் ‘கூ’வும், ‘மு’வும் ‘மூ’வும் ஒன்றுபோலத் தெரியும். உரைநடையில் முன்பின் பார்த்து ஊகித்துவிடலாம். செய்யுளில், அதுவும் சீர் பிரிக்காமல் அச்சடித்த பழைய பதிப்பில், ஊகிக்கவே முடியாது. ஓரத்தை வெட்டி, பக்கத்தை இரண்டாகப் பிளந்து தருகிற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. கருவியைப் படுக்கவாட்டில் திருப்பி அரைப்பக்கமாகவும் வாசிக்கலாம். வருஷத்துக்கு இரண்டு புத்தகம் என்றால் இந்தப் பாடு படலாம். அதுவே தினசரி வேலை என்றால் பொறுமை போய்விடும்.

பத்து அங்குல நோட்டின் மதிப்பு இந்த இடத்தில்தான் தெரியும். 10.3 அங்குலத் திரை ஏறத்தாழ 16 செ.மீ. அகலம், 21 செ.மீ. உயரம். டெமி பக்கம் ஒட்டுமொத்தமாக அச்சில் இருந்த அளவிலேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். இதற்கென்று செய்துவைத்தது போல.

எழுத்து தெளிவாகத் தெரிகிற பி.டி.எஃப்பாக இருந்தால் அதை இ-பப்பாக மாற்றிக் கிண்டிலில் போட்டுவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். மாற்றிப் பாருங்கள். 2010 ஜூனில் தமிழக அரசு ஒருங்குறி என்கிற யூனிகோடைத் தரமாக அறிவித்தது. அதற்கு முன்னும், அதற்குப் பின் கொஞ்ச காலமும், ஆளுக்கொரு குறியாக்கத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்தோம். பாமினி எழுத்துருவில் அடித்த ‘தமிழ்’ என்கிற சொல், உள்ளே நாலு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாகத்தான் பதிவாகியிருக்கும். பி.டி.எஃப்பில் எழுத்துருவும் கூடவே ஒட்டிக்கொண்டு வருவதால் கண்ணுக்குத் தமிழாகத் தெரிகிறது. இ-பப்பாக மாற்றினால் பக்கம் பக்கமாக ஆங்கிலக் குப்பை கொட்டும். ஸ்கேனிலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் மென்பொருள் முன்பைவிட எவ்வளவோ தேறியிருக்கிறது, உண்மைதான். ஆனால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில், துதிக்கை வைத்த ‘லை’, ‘னை’, சுழித்த ‘றா’ எல்லாம் வரும் பக்கத்தில் ஒவ்வொரு வரியையும் கூடவே சரிபார்க்க வேண்டியிருக்கும். வாசிக்க உட்கார்ந்தவர் மெய்ப்புத் திருத்துகிறவர் ஆகிவிடுவார்.

எங்கள் குமரி மாவட்டத்துக்கென்றே ஒரு படக்குவியல் தனியாக உண்டு. 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூரிலும், பிறகு திருவிதாங்கூர்-கொச்சியிலும்தான் இருந்தோம். அந்தக் காலத்து ஆதாரங்களும், அதாவது நிலப் பத்திரங்களும், பாகப் பத்திரங்களும் பல வீடுகளில் மலையாளத்தில் இருக்கின்றன, அதுவும் கையெழுத்தில். பத்மநாபபுரம், குழித்துறை, நாகர்கோவில் நீதிமன்றங்களில் நில வழக்கு நடத்துகிற வக்கீல்களுக்கு இவற்றைப் படிப்பதே பெரும்பாடு. எனக்குத் தெரிந்த வக்கீல் ஒருவர் முன்னாதாரங்களை எல்லாம் ஸ்கேன் செய்து போனில் வைத்துக்கொண்டு விரலால் விரித்து விரித்துப் பார்ப்பார். “அண்ணே, ஒரு ஆதாரத்துல நாலு எல்கையும் படிச்சு முடிக்கதுக்குள்ள கண்ணு போயிருது” என்றார். அவரிடம் நான் யோசிக்காமல் டிஜிட்டல் நோட் வாங்கச் சொன்னேன்.

அவர் அதை நடத்துகிற விதத்தைப் பார்த்தால் பேனா எதற்கு என்பது புரியும். ஆதாரத்தின் பக்கத்தைத் திரையில் விரித்து வைத்துக்கொண்டு, கிழக்கு எல்கை வருகிற வரிக்குக் கீழே ஒரு கோடு, அதன் ஓரத்தில் தமிழில் இரண்டு சொல். சர்வே எண் மாறிய இடத்தில் ஒரு வட்டம். எழுதியதெல்லாம் தனி அடுக்காக மேலே நிற்பதால் அடியில் உள்ள ஸ்கேன் கெடாது. வேண்டாம் என்றால் அந்த அடுக்கை மறைத்துவிட்டுச் சுத்தமான பக்கத்தை எதிர்த்தரப்புக்குக் காட்டலாம். ஜெராக்ஸ் எடுத்து அதன்மேல் பென்சிலால் எழுதி, அதையும் தொலைத்து, மறுபடி ஜெராக்ஸ் எடுத்த வேலை அவருக்கு ஒழிந்தது. ஆராய்ச்சி மாணவர்கள், விடைத்தாளைப் பி.டி.எஃப்பில் திருத்துகிற ஆசிரியர்கள், சுரக்குறிப்பு வைத்துப் பாடுகிறவர்கள் எல்லாரையும் இந்தக் கணக்கில் சேர்க்கலாம். அவர்கள் கையில் இருக்கும் பக்கம் மடங்காது, அதன்மேல் எழுதியும் ஆகவேண்டும். இரண்டும் சேர்ந்திருந்தால் 40,000 ரூபாய் வீண் இல்லை.

ஒரு எச்சரிக்கையும் அவரிடம் சொன்னேன். இந்தக் கருவிகள் தாமாகவே கிளவுடில் நகல் எடுத்து வைக்கும். கட்சிக்காரரின் பத்திரம் எந்த நாட்டு சர்வரில் போய் உட்காருகிறது என்று தெரியாமல் விட்டுவிடக் கூடாது. இணைப்பை அணைத்துவிட்டுக் கேபிள் வழியாகவே ஏற்றி இறக்க முடிகிற கருவியாகப் பார்த்து வாங்குவது அவருக்கு உசிதம்.

பேனா வேலை செய்யும் விதம் ரொம்ப அழகானது. பெரும்பாலான நோட்டுகளில் பேனாவுக்குள் பேட்டரியே கிடையாது. திரைக்கு அடியில் உள்ள தகடு ஒரு மின்காந்தப் புலத்தை உண்டாக்குகிறது. பேனாவில் இருக்கும் சின்னச் சுருள் அதற்கு அதிர்ந்து பதில் சொல்கிறது. வேக்கம் நிறுவனம் பரவலாக்கிய முறை இது. ஆகவே பேனாவுக்குச் சார்ஜ் ஏற்றும் கவலை இல்லை. நார்வே நாட்டு ரிமார்க்கபிள் நிறுவனத்தின் பேப்பர் புரோ நோட் போன்ற சிலவற்றில் மட்டும் பேனாவுக்கும் சார்ஜ் வேண்டும். பக்கவாட்டில் ஒட்டவைத்தால் ஏறிக்கொள்ளும். கோடு விழும் வேகத்தைப் பற்றிக் கம்பெனிகள் பெரிதாகச் சொல்வார்கள். ரிமார்க்கபிள் 2-க்கு அவர்கள் சொல்வது 21 மில்லி வினாடி. ‘ஞ’, ‘ழ’ என்று சுழித்துச் சுழித்து எழுதுகிற நமக்குக் கோடு பேனாவை விட்டுப் பின்தங்கினால் உடனே தெரிந்துவிடும். இப்போது வரும் நல்ல கருவிகளில் அப்படித் தெரிவதில்லை.

கையெழுத்தை அச்செழுத்தாக மாற்றித் தருகிற வித்தையை விளம்பரத்தில் காட்டுவார்கள். காட்டுவது ஆங்கிலத்தில். அந்த வசதிக்காகவே வாங்குவதாக இருந்தால், அந்தக் கருவியின் மொழிப் பட்டியலில் தமிழ் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். அதுபோல, எழுதிய நோட்டுக்குள் சொல் தேடும் வசதியும் பட்டியலில் இல்லாத மொழிக்குக் கிடையாது. நூறு பக்கம் தமிழில் எழுதி வைத்துவிட்டு ஒரு குறிப்பைத் தேடவேண்டும் என்றால் காகித நோட்டைப் புரட்டுவதுபோலப் புரட்டத்தான் வேண்டும். ஒவ்வொரு பக்கத்துக்கும் தலைப்புப் போட்டு வைக்கும் ஒழுங்கு உங்களிடம் இருக்கிறதா என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

எழுதுகிற பழக்கத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். டிஜிட்டல் நோட் வாங்கினால் எழுத ஆரம்பித்துவிடலாம் என்று வாங்கியவர்களில் நிறையப் பேர் மூன்றாம் மாதம் அதில் ஆங்கில நாவல் வாசித்துக்கொண்டிருக்கிறார்கள். இன்றைக்கு வீட்டில் பாதி எழுதிய லாங் சைஸ் நோட்டு நான்கைந்து கிடக்கிறது, வாரத்துக்கு ஒரு பேனா தீர்கிறது என்கிற ஆள் வேறு. அவர் தைரியமாக வாங்கலாம். மற்றவர்களுக்கு வாசிக்கும்போது கோடு போட்டு வைப்பதே போதுமானதாக இருக்கும். அதற்கு இ-ரீடரே தாராளம். கிண்டிலில் விரலால் இழுத்துக் குறித்த வரிகள் எல்லாம் ஒரு உரைக் கோப்பில் சேர்ந்துகொண்டே போகும். கேபிளைச் செருகினால் அந்தக் கோப்பை அப்படியே கணினிக்கு எடுத்துவிடலாம். எழுத்தாகவே இருப்பதால் தேடலாம், வெட்டலாம், கட்டுரையில் ஒட்டலாம். கையால் எழுதிய குறிப்பைவிட இது எனக்குப் பல தடவை உபயோகமாக இருந்திருக்கிறது.

கருங்கல் பக்கத்திலிருந்து உறவுக்காரப் பெண் ஒருத்தி, நர்சிங் முடித்து வளைகுடா நாட்டுப் புரோமெட்ரிக் தேர்வுக்குப் படிக்கிறவள், போனில் கேட்டாள். “மாமா, ரெண்டுல எத வாங்கட்டு? அப்பா பைசா தாறேன்னு சொல்லியாச்சு.” ரெண்டும் வேண்டாம் மக்ளே என்றுதான் சொன்னேன். அவள் படிப்பது கேள்வி பதில் வங்கி. அதற்குப் போனில் செயலி இருக்கிறது. உடலமைப்புப் படங்களுக்கு வண்ணம் வேண்டும், வீடியோ வேண்டும். மின்தாள் திரையில் வீடியோ பார்ப்பது கண்ணுக்குச் செய்கிற பாவம். இருக்கிற போனோடு ஒரு சாதாரண டேப்லெட் அவளுக்குப் போதும், அதுவும் அவசியம் என்றால்.

டி.என்.பி.எஸ்.சி. படிக்கிறவர்களும் இதே இடத்தில்தான் நிற்கிறார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை பாடநூல்கள் பி.டி.எஃப்பாக இலவசமாகக் கிடைக்கின்றன. பெரிய பக்கம், கட்டம் கட்டிய செய்திகள், வண்ண வரைபடங்கள். ஏழு அங்குலத்தில் அவற்றைத் திறப்பதே வேண்டாத வேலை. பத்து அங்குலத்தில் எழுத்து படிக்க வரும், ஆனால் ஆற்றையும் எல்லையையும் சாம்பல் நிறத்தில் வேறுபடுத்திப் பார்க்கமுடியாது. வண்ண மின்தாள் வந்துவிட்டதே என்பார்கள். வந்திருப்பது உண்மை. பரவலாகப் புழங்கும் கலீடோ 3 திரையில் கறுப்பு எழுத்து அங்குலத்துக்கு 300 புள்ளி அடர்த்தியில் வரும்; வண்ணம் 150-தான், அதுவும் வெளுத்த வண்ணம். முன் விளக்கை ஏற்றாவிட்டால் திரையே கொஞ்சம் மங்கலாக இருக்கும். வரைபடத்துக்காக இதை வாங்குவதைவிட, பாடநூலின் அச்சுப் பிரதியையே வாங்கிவிடலாம். மலிவும்கூட.

வடசேரியில் பஸ் ஏறியோ, இரணியலிலோ குழித்துறையிலோ ரயில் ஏறியோ தினமும் திருவனந்தபுரத்துக்கு வேலைக்குப் போய் வருகிறவர்களுக்கு எடைதான் பெரிய விஷயம். பேப்பர்வைட் 211 கிராம். ரிமார்க்கபிள் 2 பேனா இல்லாமலே 403 கிராம், 2022-இல் வந்த, அமேசானின் பேனா நோட்டான முதல் கிண்டில் ஸ்கிரைப் 433. உறை போட்டால் இன்னும் ஏறும். உட்கார இடம் கிடைத்தவருக்கு இது பெரிய வித்தியாசம் இல்லை. ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே போகிறவருக்கு, மறு கையில் பிடித்துக் கட்டை விரலால் பக்கம் தள்ளமுடிகிறது என்பது பெரிய வரம். பத்து அங்குலத்தை அப்படிப் பிடிக்கவே முடியாது. ஓடுகிற பஸ்ஸில் எழுதலாம் என்று யாராவது நினைத்தால் மார்த்தாண்டம் வரை போய் வரட்டும்.

மழையையும் கணக்கில் எடுக்காமல் முடியாது. ஜூனில் ஒரு மழைக்காலம், அக்டோபரில் இன்னொன்று என்று இரண்டும் நமக்கு உண்டு. பேப்பர்வைட்டுக்கு ஐ.பி.எக்ஸ்.8 பாதுகாப்பு இருக்கிறது. இரண்டு மீட்டர் நல்ல தண்ணீரில் ஒரு மணி நேரம் தாங்கும் என்பது கணக்கு. கடல் தண்ணீர் என்றால் கால் மீட்டர் ஆழத்தில் மூன்றே நிமிஷம். கடற்கரைக்குக் கொண்டுபோகிறவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். ரிமார்க்கபிள் 2, ஸ்கிரைப் போன்ற பெரிய நோட்டுகளில் இந்தப் பாதுகாப்பு இல்லை. பைக்குள் ஒரு பிளாஸ்டிக் கவர் நிரந்தரமாக இருக்கட்டும்.

கரண்ட் போகிற ராத்திரிகளுக்கு விளக்கு முக்கியம். இ-ரீடர்களில் இப்போது முன் விளக்கு அநேகமாக எல்லாவற்றிலும் வந்துவிட்டது. ரிமார்க்கபிள் 2-இல் விளக்கே கிடையாது, காகிதத்தில் விளக்கு இருக்கிறதா என்பது அவர்கள் வாதம். வாதம் நன்றாகத்தான் இருக்கிறது, நார்வேயில் கரண்ட் போகாதோ என்னவோ. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது ரப்பர் மரமும் மின்கம்பமும் சேர்ந்து சாய்ந்து, உள்ளூர்களில் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தோம். அந்த மாதிரி நேரத்தில் வாரக்கணக்கில் சார்ஜ் நிற்கிற, தனக்கே வெளிச்சம் வைத்திருக்கிற சின்னக் கருவிக்குத்தான் மதிப்பு. நோட்டுகளில் எழுத ஆரம்பித்துவிட்டால் சார்ஜ் அதைவிட வேகமாக இறங்கும்.

கடைப்பூட்டு என்று ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் பிறகு என்னைத் திட்டுவீர்கள். கிண்டில் கடையில் வாங்கிய புத்தகம் ரிமார்க்கபிளில் திறக்காது. அது பி.டி.எஃப், பூட்டில்லாத இ-பப் இரண்டையும்தான் எடுக்கும். வாங்கிய புத்தகத்தைக் கணினியில் இறக்கிக் கேபிளில் ஏற்றும் வழியையும் அமேசான் 2025 பிப்ரவரி 26-இல் மூடிவிட்டது. ஏற்கெனவே கிண்டிலில் நூறு தமிழ்ப் புத்தகம் வாங்கி வைத்திருப்பவர் நோட்டுக்கு மாறவேண்டும் என்றால், ஒன்று ஸ்கிரைப், இல்லையென்றால் ஆண்ட்ராய்டில் ஓடுகிற ஓனிக்ஸ் பூக்ஸ் வகை. பூக்ஸில் கிண்டில் செயலியையே போட்டுக்கொள்ளலாம். தமிழ் விசைப்பலகை, கூகுள் பிளே புக்ஸ் என்று எல்லாம் ஓடும். வாட்ஸ்அப்பும் ஓடும் என்பதுதான் அதில் உள்ள ஆபத்து. ரிமார்க்கபிளில் கிளவுட் வசதி முழுசாக வேண்டும் என்றால் மாதச் சந்தா தனி. விலையை ஒப்பிடும்போது அதையும் சேர்த்துக் கூட்டுங்கள்.

என் கணக்குப்படி, பத்தில் எட்டுப் பேருக்கு ஏழு அங்குல இ-ரீடரும், பக்கத்தில் ஒரு சாதாரணக் காகித நோட்டும் போதும். மிச்சப் பணத்துக்குப் புத்தகம் வாங்கலாம். கவிமணி பிறந்த மண்ணில் நின்றுகொண்டு இதைக்கூடச் சொல்லாவிட்டால் எப்படி? மீதி இரண்டு பேர் அந்த வக்கீல் மாதிரி; அவர்களுக்கு இ-ரீடரைச் சிபாரிசு செய்வது அநியாயம். வாசிக்கவும் எழுதவும் ஒன்றே போதும் என்று இரண்டுக்கும் நடுவில் ஏழெட்டு அங்குலத்தில் பேனாவோடு வருகிற கருவிகளும் உண்டு. அவற்றின்மேல் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. ஸ்கேனுக்கு அது சின்னது, எழுதக் கை வைத்தால் பக்கம் உடனே நிறைந்துவிடும்.

வாங்குவது என்று முடிவானால், திருப்பிக் கொடுக்கும் கெடு எத்தனை நாள் என்று பார்த்துவிட்டு, முதல் நாளே உங்கள் மோசமான பி.டி.எஃப்பை ஏற்றிப் பாருங்கள். நல்ல கோப்பில் எல்லாக் கருவியும் நன்றாகத்தான் தெரியும். மின்தாளின் அடியில் பல கருவிகளில் இருப்பது மெல்லிய கண்ணாடி. பைக்குள் சாவிக்கொத்தும் டிபன் பாக்ஸும் அழுத்தினாலே விரிசல் விழும், மாற்றுவதற்குப் புதிதே வாங்கிவிடலாம் என்கிற அளவுக்குச் செலவாகும். ஆகவே உறை இல்லாமல் ஒரு நாள்கூட வெளியே கொண்டுபோக வேண்டாம். வெளிநாட்டிலிருந்து யாராவது வரும்போது வாங்கி வரச்சொல்வதாக இருந்தால், இங்கே உத்தரவாதம் செல்லுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நோட்டு வாங்குகிறவர்கள் பேனா முனை ஒரு பாக்கெட் சேர்த்தே வாங்கிவிடவேண்டும். காகிதம்போல உரசலுக்காகத் திரையைச் சொரசொரப்பாக வைத்திருப்பதால் முனை தேயும், தினமும் எழுதுகிறவருக்குச் சீக்கிரமாகவே தேயும். செட்டிகுளத்திலோ வடசேரியிலோ எந்தக் கடையிலும் நான் அதைப் பார்த்ததில்லை.